கையெழுத்துக்கும் நாட்காட்டிக்கும் நடுவே: வெனிசுவேலாவில் அதிபரைத் திரும்ப அழைக்க நடந்த மூன்று முயற்சிகள்

2004 ஆகஸ்ட் 15 அன்று வெனிசுவேலாவில் 39,89,008 பேர், அதிபர் ஊகோ சாவேஸ் பதவியிலிருந்து இறங்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2000-ல் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் 37,57,773 பேர்தான். தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ திரும்ப அழைக்கும் வாக்குகள் விழுந்தால் பதவி போய்விடும் என்கிறது அந்நாட்டு அரசமைப்பின் 72-ம் பிரிவு. அதை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் சாவேஸின் பதவி அன்றிரவே போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர் இருக்கட்டும் என்று 58,00,629 பேர் வாக்களித்திருந்தார்கள். திரும்ப அழைக்கும் வாக்குகள், அதை எதிர்க்கும் வாக்குகளைவிடக் குறையக் கூடாது என்ற வரியைத் தேர்தல் ஆணையம் 2003 செப்டம்பரிலேயே தன் விதிகளில் சேர்த்துவிட்டிருந்தது.

இந்த வரி நியாயமானதுதான். 59 சதவீதம் பேர் ‘இருக்கட்டும்’ என்ற பிறகும் ஒருவரை இறக்குவதை யாரும் ஜனநாயகம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அரசமைப்பில் இருப்பது ஒன்று, ஆணையத்தின் விதியில் இருப்பது இன்னொன்று. திரும்ப அழைக்கும் போராட்டம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. கட்டுக்கோப்பில்லாத எதிரணி அந்த இடைவெளியில் விழுகிறது.

1999-ல் சாவேஸே முன்னின்று கொண்டுவந்த அரசமைப்பு, மக்கள் தேர்ந்தெடுக்கும் எல்லாப் பதவிகளையும் திரும்ப அழைக்கலாம் என்றது. பதவிக்காலத்தில் பாதி கழிந்திருக்க வேண்டும். அந்தத் தொகுதியின் வாக்காளர்களில் 20 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். வாக்கெடுப்பில் குறைந்தது 25 சதவீதம் பேர் கலந்துகொள்ள வேண்டும். ஒரு பதவிக்காலத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. இவ்வளவுதான் 72-ம் பிரிவு.

சூட்சுமம் 233-ம் பிரிவில் இருக்கிறது. ஆறாண்டுப் பதவிக்காலத்தின் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் அதிபர் பதவி காலியானால் 30 நாளில் புதுத் தேர்தல். கடைசி இரண்டு ஆண்டுகளில் காலியானால் தேர்தல் கிடையாது, துணை அதிபர் மீதிக் காலத்தை முடிப்பார். துணை அதிபரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அதிபர்தான் நியமிக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும் நாளுக்கும் நான்காம் ஆண்டு முடியும் நாளுக்கும் இடையே உள்ள 12 மாதம்தான் எதிரணிக்குப் பயன்படும் காலம். அதன்பின் ஜெயித்தாலும் ஆள் மாறுவார், ஆட்சி மாறாது. அதனால் அரசுத் தரப்பு வாக்கெடுப்பை மறுக்க வேண்டிய தேவையே இல்லை. தள்ளிப்போட்டால் போதும்.

2003: ஒரே நாளில் பல விண்ணப்பங்கள்

சாவேஸுக்கு எதிரான ‘ஜனநாயக ஒருங்கிணைப்பு’க் கூட்டணி ஒரு கதம்பம். பல பத்தாண்டுகள் ஆண்டு பெயரைக் கெடுத்துக்கொண்ட ஜனநாயகச் செயல் கட்சி, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியான கோப்பேய், புதிதாக எழுந்த பிரிமேரோ ஹுஸ்தீசியா, இடதுசாரிகளில் சாவேஸிடமிருந்து விலகி வந்தவர்கள், தொழிற்சங்கக் கூட்டமைப்பு, முதலாளிகள் சங்கம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். தொழிலாளியும் முதலாளியும் ஒரே மேடையில் நின்றதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள் மீதிருந்த எதிர்ப்பு. அவர் போன பிறகு என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

வாக்கெடுப்புப் பாதைக்கு இவர்கள் வந்து சேர்வதற்குள் இரண்டு கதவுகளை முட்டிப் பார்த்திருந்தார்கள். 2002 ஏப்ரலில் ராணுவக் கிளர்ச்சியின் பலத்தில் முதலாளிகள் சங்கத் தலைவர் பெத்ரோ கார்மோனா அதிபராகப் பதவியேற்று, நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் கலைத்து, இரண்டே நாளில் விழுந்தார். அந்த டிசம்பரில் தொடங்கிய பொதுவேலைநிறுத்தம் எண்ணெய் உற்பத்தியை முடக்கி இரண்டு மாதம் நீடித்தது. அது தோற்றபோது அரசு எண்ணெய் நிறுவனத்திலிருந்து சுமார் 18,000 பேர் வேலை இழந்தார்கள், நிறுவனம் முழுக்க சாவேஸ் கைக்கு வந்தது. பின்னாளில் அவருக்குக் கைகொடுத்த பணம் அங்கிருந்துதான் வந்தது. கூட்டணியின் முதல் பெரிய தவறு எது என்று கேட்டால், கையெழுத்து இயக்கத்தைவிட இந்த வேலைநிறுத்தத்தைத்தான் சொல்ல வேண்டும்.

வேலைநிறுத்தம் ஓய்ந்துகொண்டிருந்த 2003 பிப்ரவரி 2 அன்று முதல் கையெழுத்துத் திருவிழா நடந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஃபிர்மாஸோ’, பெருங்கையெழுத்து என்று சொல்லலாம். மரியா கொரினா மச்சாடோவும் அலெஹாந்த்ரோ பிளாஸும் தொடங்கிய ‘சூமாத்தே’ என்ற தன்னார்வ அமைப்பு மேசைகள், படிவங்கள், கணினிப் பதிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. மேசையில் இருந்தது ஒரு விண்ணப்பம் அல்ல. திரும்ப அழைத்தல், பதவிக்காலத்தைக் குறைக்கும் அரசமைப்புத் திருத்தம், அரசமைப்பையே புதிதாக எழுதும் அரசமைப்பு மன்றம், ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களைத் திரும்ப அழைத்தல் என்று பல தாள்கள். எந்த வழி என்று தலைவர்களால் முடிவு செய்ய முடியாததால் எல்லா வழிக்கும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கல்யாணத் தேதியைக் குறிக்காமல் பத்திரிகை அடித்த மாதிரி.

சாவேஸின் பதவிக்காலத்தின் பாதி 2003 ஆகஸ்ட் 19-ல் முடிந்தது. மறுநாளே சுமார் 32 லட்சம் கையெழுத்துகள் ஆணையத்தின் வாசலுக்குப் போயின. செப்டம்பர் 12-ல் நிராகரிப்பு வந்தது. பாதிக்காலம் முடிவதற்கு முன் வாங்கிய கையெழுத்து காலத்துக்கு முந்தியது, ஆகவே செல்லாது. சட்டப்படி இது வியப்பான முடிவு அல்ல. பாதிக்காலம் முடியாமல் உரிமை பிறப்பதில்லை என்றால், அதற்கு முன் அந்த உரிமையின் பேரில் போட்ட கையெழுத்து எப்படி நிற்கும்? பிப்ரவரியில் இதை யோசித்தவர்கள் கூட்டணியில் இல்லாமல் இல்லை. ஆனால் வேலைநிறுத்தம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தபோது கூட்டத்துக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்தாக வேண்டியிருந்தது.

8,76,017 ‘ஒரே கையெழுத்து’க் கையெழுத்துகள்

இரண்டாம் சுற்று ஆணையத்தின் விதிப்படியே நடந்தது. நவம்பர் 28 முதல் டிசம்பர் 1 வரை நான்கு நாள், ஆணையம் தந்த எண்ணிட்ட தாளில், இரு தரப்பு சாட்சிகள் முன்னிலையில். பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி, கையெழுத்து, கைரேகை. டிசம்பர் 19-ல் சுமார் 34 லட்சம் கையெழுத்துகள் ஒப்படைக்கப்பட்டன. தேவைப்பட்டது 24,36,083. பத்து லட்சம் கூடுதலாக இருக்கிறதே என்று எதிரணி நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியைக் குலைத்தது ஒரு சின்ன நடைமுறைப் பழக்கம். வரிசை நீண்டபோது மேசையில் இருந்த தன்னார்வலரே அட்டையைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் கடகடவென்று எழுதிவிடுவார். வந்தவர் கையெழுத்தும் ரேகையும் மட்டும் வைப்பார். நூறு பேர் நிற்கும் இடத்தில் யாரும் செய்யக்கூடியதுதான். விளைவு, ஒரு தாள் முழுக்க ஒரே கையால் எழுதிய விவரங்கள். இத்தகைய தாள்களில் இருந்த 8,76,017 கையெழுத்துகளை ஆணையம் சந்தேகப் பட்டியலில் வைத்தது. ‘பிளானாஸ்’ என்ற சொல் அப்போதுதான் நாடெங்கும் பரவியது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும் பயிற்சிக்கு அதுதான் பெயர். கையெழுத்து சேகரிப்பு முடிந்த பிறகு இந்த அளவுகோலைக் கையிலெடுத்தது சரியா என்று எதிரணி கேட்டது. பார்வையாளர்களாக இருந்த, முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கார்ட்டர் மையமும் அமெரிக்க நாடுகள் அமைப்பும்கூட இதில் ஆணையத்தோடு உடன்படவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் தேர்தல் அமர்வு மார்ச்சில் அந்தக் கையெழுத்துகள் செல்லும் என்றது. அதே நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தெருவில் தடுப்புகளும் தீயும். கடைசியில் ஆணையம் சொன்ன கணக்கு இது: செல்லுபடியானவை 19,10,965, உரியவர் நேரில் வந்து உறுதிப்படுத்த வேண்டியவை 11,92,914, நேரடியாகத் தள்ளுபடியானவை 3,75,241. பற்றாக்குறை 5,25,118.

இந்த இடத்தில் கூட்டணி கிட்டத்தட்ட உடைந்தது. ஒரு சாரார், உறுதிப்படுத்தப் போனால் நம் கையெழுத்து பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும், போகக் கூடாது என்றார்கள். இன்னொரு சாரார், போகாவிட்டால் வேறு எந்த வழியும் இல்லை என்றார்கள். இரண்டாவது தரப்பு வென்றது. மே 28 முதல் 30 வரை மூன்று நாளில் ஆட்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். கையெழுத்தை வாபஸ் வாங்கவும் அதே மூன்று நாளில் ஆணையம் வழி வைத்திருந்தது. அரசு ஊழியர்கள் பலருக்கு அது அழைப்பா மிரட்டலா என்பது தெளிவாகவே இருந்தது. இறுதி எண்ணிக்கை 25,41,636. தேவைக்கு மேல் 1,05,553. ஒப்படைத்தபோது இருந்த பத்து லட்ச உபரி ஒரு லட்சமாகச் சுருங்கியிருந்தது. கையெழுத்து இயக்கம் நடத்துபவர்கள் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

வாக்கெடுப்பு நாள் ஆகஸ்ட் 15. துணை அதிபர் விதி நடைமுறைக்கு வரும் ஆகஸ்ட் 19-க்கு நான்கு நாள் முன்பு.

நாள் தப்பியது, ஆனால் அந்த ஒரு வருடம் போய்விட்டது. இப்போது வாக்கெடுப்பு நடந்தால் தோற்றுவிடுவீர்கள் என்று 2003 நடுவில் கருத்துக்கணிப்பாளர் ஒருவர் தன்னிடம் சொன்னதாக சாவேஸே பிறகு தன் கட்சிக்காரர்களிடம் பேசியிருக்கிறார். கிடைத்த காலத்தில் அவர் ‘மிசியோன்’ என்ற பெயரில் நலத்திட்டங்களை இறக்கினார். சேரிகளில் கியூப மருத்துவர்கள், எழுத்தறிவு வகுப்புகள், மலிவு விலைக் கடைகள். எண்ணெய் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு திட்டம் அடையாள அட்டை இல்லாத ஏழைகளுக்கு அட்டை வழங்கி அப்படியே வாக்காளர் பட்டியலிலும் சேர்த்தது. கையெழுத்துக் கட்டத்தில் தன் தரப்பு தோற்றதும் சாவேஸ் தன் பழைய பிரசாரக் குழுவைக் கலைத்துவிட்டு ‘மைசாந்தா’ என்ற புதிய குழுவை அமைத்தார். பத்துப் பேர் கொண்ட சிறு படைகள், ஒவ்வொருவரும் இன்னும் பத்துப் பேரை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவர வேண்டும். எதிரணியிடம் தொலைக்காட்சி நிலையங்கள் இருந்தன, இந்தப் பத்துப் பேர் இல்லை.

வேட்பாளரும் இல்லை. வாக்கெடுப்பில் வென்றால் 30 நாளில் தேர்தல். அதில் யார் நிற்பார்? பதவி இழந்த சாவேஸே மறுபடி நிற்கலாமா என்பதுகூடத் தீராத சர்ச்சையாக இருந்தது. மிராண்டா மாநில ஆளுநர் என்ரிகே மெந்தோசா முன்னணியில் தெரிந்தாலும் கூட்டணி யாரையும் அறிவிக்கவில்லை. அறிவித்தால் மற்றவர்கள் வேலை செய்வதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். பொதுத்திட்டம் ஒன்று வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் வெளியானது. இதனால் மக்கள் முன்னிருந்த கேள்வி ‘சாவேஸா, இன்னாரா’ என்று இல்லாமல் ‘சாவேஸா, தெரியாத ஒருவரா’ என்று ஆகிப்போனது.

தோல்விக்குப் பின் கூட்டணி மோசடி என்றது. வாக்கு இயந்திரங்களைப் பற்றிப் புள்ளியியல் வாதங்கள் பல ஆண்டுகள் ஓடின. கார்ட்டர் மையம் 150 வாக்குச்சாவடிகளின் காகிதச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவை ஏற்றது. மோசடி என்று சொல்லிவிட்டு அடுத்த தேர்தலுக்கு வாருங்கள் என்று எப்படிக் கூப்பிடுவது? இரண்டு மாதம் கழித்து நடந்த மாநிலத் தேர்தலில் எதிரணிக்கு மிஞ்சியது சூலியாவும் நுவேவா எஸ்பார்த்தாவும் மட்டும். 2005 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்து, அவை முழுவதையும் சாவேஸுக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

கையெழுத்திட்டவர்களின் கதை வேறு. ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் தாஸ்கோன் அவர்களின் பெயரையும் அடையாள எண்ணையும் இணையத்தில் ஏற்றினார். யார் வேண்டுமானாலும் எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அரசு வேலை, ஒப்பந்தம், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டியல் வடிகட்டியாகப் பயன்பட்டது. 2005-ல் சாவேஸே பட்டியலைப் புதைத்துவிடுங்கள் என்றார். ஆனால் திரும்ப அழைக்கக் கேட்பது ரகசிய வாக்கு அல்ல, முகவரியோடு கொடுக்கும் புகார் என்பதை அந்த நாட்டு மக்கள் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

2016: நாலு வழி, ஒரு வருடம்

2015 டிசம்பரில் ‘ஜனநாயக ஒற்றுமை மேசை’ என்ற புதிய கூட்டணி நாடாளுமன்றத்தின் 167 இடங்களில் 112-ஐப் பிடித்தது. சாவேஸுக்குப் பின் அதிபரான நிகோலாஸ் மதுரோவின் பதவிக்காலத்தின் பாதி 2016 ஜனவரி 10-ல் முடிந்தது. 2017 ஜனவரி 10-க்குள் வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும். கையில் இருந்தது சரியாக 12 மாதம்.

அதில் முதல் இரண்டு மாதம் விவாதத்தில் போனது. எதிரணித் தலைவர்களில் ஒருவரான என்ரிகே காப்ரிலேஸ் திரும்ப அழைத்தல் என்றார். சிறையில் இருந்த இன்னொரு எதிரணித் தலைவர் லியோபோல்தோ லோபஸின் கட்சி அரசமைப்பு மன்றத்தின் பக்கம் சாய்ந்தது. பதவிக்காலத்தைக் குறைக்கும் திருத்தம் போதும் என்றனர் சிலர். தெருவில் இறங்கி ராஜினாமா செய்ய வைப்போம் என்றார் மச்சாடோ. நாடாளுமன்றத் தலைவர் ராமோஸ் ஆயுப் ஆறு மாதத்தில் ஆட்சி மாற்றம் என்று கெடு சொன்னார், எந்த வழியில் என்று சொல்லவில்லை. மார்ச் 8-ல் அறிவித்த வழிவரைபடத்தில் எல்லா வழிகளும் இருந்தன. 2003 பிப்ரவரியின் மேசை மறுபடி விரிக்கப்பட்டது. திருத்தம் என்ற வழியை ஏப்ரல் 25-ல் உச்ச நீதிமன்றம் அடைத்தது: திருத்தினாலும் நடப்பு அதிபருக்குப் பொருந்தாது.

மறுநாள்தான் ஆணையம் படிவத்தைக் கொடுத்தது. அதுவும் எதிரணி நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆணைய அலுவலகத்தில் சங்கிலியால் தங்களைக் கட்டிக்கொண்டு போராடிய பிறகு. அந்தப் படிவம் 20 சதவீதத்துக்கானதும் அல்ல. கேட்கும் கட்சி கேட்கத் தகுதியானதுதான் என்று காட்ட முதலில் 1 சதவீதம் கையெழுத்து வேண்டும் என்ற, 2007-ல் ஆணையம் சேர்த்த ஒரு படி. தேவை சுமார் 1.96 லட்சம். மே 2-ல் பெட்டி பெட்டியாக 18 லட்சத்துக்கும் மேல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தாராளமாகக் கொடுத்தால் வேகமாக நடக்கும் என்பது எதிரணியின் கணக்கு. நேர்மாறாக ஆனது. ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும் என்று ஆணையம் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு 6,05,727-ஐத் தள்ளியது. ஆளுங்கட்சியின் சார்பில் கையெழுத்துகளைத் துருவியவர் ஹோர்கே ரொட்ரிகெஸ். 2004-ல் ‘பிளானாஸ்’ சந்தேகத்தை எழுப்பிய ஆணையத்தின் உறுப்பினராக இருந்தவரும் அவர்தான்.

ஜூன் 20 முதல் ஐந்து நாள், கையெழுத்திட்டவர்கள் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் 128 இடங்கள், 300 இயந்திரங்கள். பல மணி நேரம் பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று, 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்தார்கள். ஆணையம் அதை ஏற்று அறிவித்தது ஆகஸ்ட் 1-ல். முதல் படிக்கே ஏழு மாதம் போயிருந்தது. அதே மாதம், கையெழுத்திட்ட அரசு மேலாளர்களை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று ரொட்ரிகெஸ் பகிரங்கமாகக் கேட்டார்.

செப்டம்பர் 1-ல் தலைநகர் கராகஸ் பெரும் பேரணியால் நிரம்பியது. மூன்று வாரம் கழித்து 20 சதவீதக் கட்டத்துக்கான நிபந்தனைகள் வந்தன. அக்டோபர் 26 முதல் 28 வரை மூன்று நாள், நாளொன்றுக்கு ஏழு மணி நேரம், 5,392 இயந்திரங்கள். எதிரணி கேட்டது 19,500. சுமார் 39 லட்சம் பேர் வைக்க வேண்டும் என்றால் ஓர் இயந்திரத்துக்கு 720-க்கும் மேல், மணிக்கு 34 பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. எல்லா இயந்திரத்திலும் சமமாகக் கூட்டம் வந்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும்.

இயந்திரத்தைவிடக் கொடியது இன்னொரு நிபந்தனை. 20 சதவீதம் தேசிய அளவில் அல்ல, ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக. அதிபரின் தொகுதி முழு நாடு. மாநிலவாரியாகக் கேட்க 72-ம் பிரிவில் இடமில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் அக்டோபர் 17-ல் அதையே உறுதி செய்தது. கராகஸில் 60 சதவீதம் பேர் கையெழுத்திட்டாலும், காட்டுக்குள் ஆற்றுவழியே போய்ச் சேர வேண்டிய அமசோனாஸில் 19 சதவீதம் என்றால் எல்லாம் போச்சு. போதாததற்கு, 2016-ல் வாக்கெடுப்பு நடக்காது, 2017 முதல் காலாண்டின் நடுவில்தான் என்றும் ஆணையம் சொல்லிவிட்டது. அதாவது ஜனவரி 10-க்குப் பிறகு.

கூட்டணிக்குள் பழைய சண்டை மறுபடி வந்தது. இந்த நிபந்தனைகளை ஏற்றுக் கைரேகை வைக்கப் போவதா, மறுப்பதா? மாநிலத் தேர்தலில் ஆளுநர் பதவிகளைக் குறிவைத்திருந்த கட்சிகளுக்கு அதிபரைவிட ஆளுநர் கிட்டத்தில் தெரிந்தார். அக்டோபர் 18-ல் அந்தத் தேர்தலும் 2017-க்குத் தள்ளிப்போனது. அக்டோபர் 20-ல், ஐந்து மாநிலங்களின் குற்றவியல் நீதிமன்றங்கள் 1 சதவீதக் கட்டத்தில் மோசடி நடந்ததாகச் சொல்ல, ஆணையம் மொத்தத்தையும் நிறுத்திவைத்தது. பெட்டிக்குள் தேவையைவிட ஒன்பது மடங்கு அதிகமாகப் போட்ட கையெழுத்துகளே வழக்குக்கு மூலப்பொருளாயின. கணக்காக மூன்று லட்சம், சரிபார்த்துக் கொடுத்திருந்தால் பிடி குறைவாக இருந்திருக்கும் என்பது பின்னோக்கிப் பார்க்கும்போது தெரிகிறது. ஆனால் வேறு பிடி தேடியிருக்கமாட்டார்கள் என்று நம்பவும் காரணமில்லை.

அக்டோபர் 30-ல் வத்திக்கான் முன்னிலையில் பேச்சுவார்த்தை தொடங்கியது. லோபஸின் கட்சி உட்படச் சிலர் உட்கார மறுத்தார்கள். அதிபரின் மிராஃப்ளோரஸ் மாளிகைக்கு நவம்பர் 3-ல் போவதாக இருந்த பேரணி கைவிடப்பட்டது. தெரு கலைந்தது, மேசையில் எதுவும் கிடைக்கவில்லை. 2017 ஜனவரி 4-ல் மதுரோ, தாரெக் எல் அய்சாமியைத் துணை அதிபராக்கினார். ஆறு நாள் கழித்துக் கெடு முடிந்தது.

எதிரணிப் பிளவு எப்போதும் கையெழுத்து மேசையில்தான் தெரியும் என்றில்லை. பொலிவியாவில் 2008 மே மாதம், அதிபர் எவோ மொராலஸுக்கும் மாநில ஆளுநர்களுக்கும் ஒரே நாளில் வாக்கெடுப்பு நடத்தும் சட்டத்தை எதிர்க்கட்சியின் பெரும்பான்மை இருந்த செனட்டே நிறைவேற்றியது. கிழக்கு மாநிலங்களின் எதிரணி ஆளுநர்கள் அதை விரும்பவில்லை. ஆகஸ்ட் 10-ல் மொராலஸ் 67 சதவீதம் பெற்றார். பதவி போனது லா பாஸ், கோச்சபம்பா மாநில ஆளுநர்களுக்கு, இருவரும் எதிரணி.

2022: பன்னிரண்டு மணி நேரம்

மூன்றாவது முயற்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம், அதுவே சுருக்கமாக நடந்ததால். மதுரோவின் அடுத்த பதவிக்காலத்தின் பாதி 2022 ஜனவரி 10-ல் முடிந்ததும் சிறு குழுக்கள் சில விண்ணப்பித்தன. பெரிய எதிர்க்கட்சிகள் சேரவில்லை. 2018 தேர்தலே செல்லாது என்பவர்கள், தேர்ந்தெடுக்கப்படாதவரைத் திரும்ப அழைப்பது எப்படி என்று கேட்டார்கள். வாதம் சரிதான், ஆனால் படிவம் வேறு யாரோ கையில் போய்விட்டது.

ஜனவரி 21-ல் ஆணையம் நாள் குறித்தது: ஜனவரி 26, காலை 6 முதல் மாலை 6 வரை, 1,200 இடங்கள். தேவை சுமார் 42 லட்சம். ஓர் இடத்துக்கு 3,500 பேர், நிமிடத்துக்கு ஐந்து பேர், பன்னிரண்டு மணி நேரமும் இடைவிடாமல். தன்னார்வலர்களைத் திரட்ட, மக்களுக்குச் சொல்ல ஐந்து நாள். விண்ணப்பித்தவர்களே இது நடக்காது என்று சொல்லி விலகிக்கொண்டார்கள்.

ஆனாலும் மேசைகள் திறந்தன. மாலையில் எண்ணியபோது இருந்தவை 42,421 கையெழுத்துகள், தேவையில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு பதவிக்காலத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை என்கிறது 72-ம் பிரிவு. 2025 ஜனவரி வரை மதுரோவைத் திரும்ப அழைக்க இருந்த அந்த ஒரே கோரிக்கையும் அன்றோடு செலவானதாக ஆணையம் அறிவித்தது.